காமிரா கால் பெற்ற வரலாறு

தாராவியில் நம்மவர் வாழும் சந்துகளுள் ஒன்றில் ஒரு முறையேனும் நடந்தவர்க்கு அதன் இயல்பு விளங்கும். எதிரே நீர்க்குடத்துடன் ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிடுதல் வேண்டும். காலடியில் சாக்கடையை மூடிய கற்பலகை ஆடும். தலைக்கு மேலே மின்கம்பியும் துணிக்கொடியும் தாழ்ந்து தொங்கும். நண்பகலிலும் அங்கு விளக்கெரியும். இத்தகைய வழியில் நாம் நாள்தோறும் சென்று வருகிறோம். நம் கால்கள் அதற்குப் பழகிவிட்டன. திரைப்படக் காமிரா இவ்வழியில் எவ்வாறு செல்லும்?

இவ்வினா என்னுள் எழுந்தது 'நாயகன்' படத்தைக் கண்ட நாளிலாகும். 1987ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த அப்படத்தைக் காண, எங்கள் பகுதியில் வாழ்ந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவருடன் சென்றிருந்தேன். தோல் பதனிடும் தொழிலுக்காக இளமையிலேயே இவ்வூர் வந்தவர் அவர். தாராவியின் சந்தும் பொந்தும் அவருக்கு உள்ளங்கை ரேகை. படம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே என் தோளைத் தொட்டு, "தம்பி, இது எந்தச் சந்து? கிராஸ் ரோட்டுப் பக்கம் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். "தெரியலையே அண்ணாச்சி" என்றேன். படம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கும்பார்வாடாவையும் முகுந்த் நகரையும் மனத்தால் அளந்துகொண்டே வந்தார். அவர் தேடிய சந்து தாராவியில் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அது சென்னை வீனஸ் ஸ்டூடியோவில், கலை இயக்குநர் தோட்டா தரணி எழுப்பிய அரங்கு. நம் வாழ்விடம் எண்ணூறு மைலுக்கு அப்பால் ஏன் மீண்டும் கட்டப்பட வேண்டியதாயிற்று? காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று காமிராவின் கால்களைப் பற்றியது. அதனையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

திரைப்படம் இந்தியாவில் முதன்முதல் கால் வைத்தது நம் நகரத்திலேயே. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், கோட்டைப் பகுதியிலுள்ள வாட்சன் ஹோட்டலில், லூமியேர் சகோதரர்களின் படங்கள் ஒரு ரூபாய்க் கட்டணத்தில் காட்டப்பெற்றன. புகைவண்டி நிலையத்துள் நுழைந்தது. தொழிலாளர் ஆலையினின்று வெளியேறினர். திரையில் யாவும் அசைந்தன. அசையாதது ஒன்றே; அது காமிரா. முக்காலியின் மீது நிறுத்தப்பட்ட பெட்டிக்குமுன் உலகம் வந்து போயிற்று. நாடகக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தவன் கண்ணும் அக்காமிராவின் கண்ணும் ஒன்றே.

அதே ஆண்டில் லூமியேர் நிறுவனத்தின் படப்பிடிப்பாளரான புரோமியோ என்பவர் வெனிஸ் நகரத்து ஓடமொன்றில் காமிராவை ஏற்றிவிட்டார். கரையிலுள்ள மாளிகைகள் தாமே நகர்வனபோல் படத்தில் தோன்றின. காமிரா நகர்ந்தால் அசையாப் பொருளுக்கும் உயிர் வரும் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. இத்தாலியில் பாஸ்ட்ரோனே என்பவர் சக்கரமுடைய மேடையொன்றைச் செய்து, 1914இல் வெளிவந்த 'கபீரியா' படத்தில் மாபெரும் அரங்குகளினூடே காமிராவை மெல்லச் செலுத்தினார். இன்று நாம் டிராலி என்று வழங்குவதன் மூதாதை அதுவே. ஜெர்மனியில் 1924இல் முர்னாவ் இயக்கிய 'கடைசிச் சிரிப்பு' படத்திற்காகக் கார்ல் ஃபிராயிண்ட் என்னும் ஒளிப்பதிவாளர் காமிராவை மார்பில் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஏறினார். கட்டவிழ்ந்த காமிரா என அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர்.

கட்டவிழ்ந்த காமிராவை மீண்டும் கட்டிப்போட்டது ஒலி. காமிரா சுழலும்போது எழும் 'கரகர' ஓசையை ஒலிவாங்கி விடாமல் பதிவு செய்துவிடும். ஆகவே, பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளில் காமிராவை ஒலிபுகாக் கூண்டில் அடைத்தனர்; நடிகரும் மறைத்து வைத்த ஒலிவாங்கியை விட்டு அகல இயலவில்லை. இந்தியாவின் முதற் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்த இம்பீரியல் ஸ்டூடியோவுக்கு அருகிலேயே இருப்புப்பாதை. வண்டிகள் ஓடி ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே படமெடுத்தனர். அதே அர்தேஷிர் இரானியின் அதே இம்பீரியல் நிறுவனம்தான், எச்.எம்.ரெட்டியின் இயக்கத்தில், டி.பி.ராஜலட்சுமி நடிக்கத் தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' படத்தை இந்நகரில் உருவாக்கியது. அது அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் திரையேறியது. தமிழ்த்திரை பேசக் கற்றது பம்பாயில். அது பேசக் கற்றபோது காமிரா நடக்க மறந்திருந்தது! 1934இல் சென்னையில் ஒலிப்பட நிலையம் தோன்றும்வரை நம் கலைஞர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புகைவண்டி ஏறியவாறே இருந்தனர். பிழைப்புத் தேடி இந்நகர் வந்த முன்னோர் வரிசையில் அவர்களுக்கும் இடமுண்டு.

காமிராவுக்கு நடையை மீட்டுத் தந்தோருள் ஒருவர் தமிழறியாத அமெரிக்கர் என்பது வியப்புக்குரியது. எல்லிஸ் ஆர். டங்கன், தம்முடன் பயின்ற பம்பாய்த் தொடர்புடைய மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்தார். 'சதி லீலாவதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' என அவர் இயக்கிய படங்கள் நம் மூத்த தலைமுறைக்கு மறவாதவை. மேடை நாடகத்தை நேர்நின்று படம்பிடிக்கும் பழக்கத்தைத் தளர்த்தி, காமிராவை நகரவிட்டவர் அவர் எனத் திரை வரலாற்றாசிரியர் கூறுவர். 1945இன் 'மீரா'வுக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மீது ஒளியைப் பலவாறு வீழ்த்திப் பார்த்தபின்பே அவர் முகத்தைப் படம்பிடித்தனர் என்பது அவ்விழிப்புணர்வுக்குச் சான்று.

டிராலி என்பது காண எளிது, செயல் அரிது. தரையில் தண்டவாளமிட்டு, மட்டம் பார்த்து, மரத்துண்டுகளை அண்டைகொடுத்து, அதன்மேல் மேடையை ஏற்றி, மேடைமேல் காமிராவையும் அதன் பின்னே அமர்ந்தவரையும் வைத்துத் தள்ளுதல் வேண்டும். தள்ளுவோரின் கை சற்றே நடுங்கினும் திரையில் அது நிலநடுக்கமாகும். திருவிழாவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுவோரைப் போன்றவர் அவர். தேர் நின்றபின் அவரை யார் நினைக்கின்றனர்? இன்ன சொல்லுக்குத் தொடங்கி இன்ன சொல்லில் நிற்றல் வேண்டும் என்னும் கணக்கைத் தம் உள்ளங்காலில் வைத்திருந்த எத்தனையோ டிராலித் தொழிலாளர் பெயர் எந்தப் படத்தின் தலைப்பிலும் இடம்பெறவில்லை.

இக்கருவியைக் கொண்டு நம் நாட்டார் செய்த சாதனைகள் பல. செம்பூரில் 1948இல் ராஜ் கபூர் தோற்றுவித்த ஆர்.கே.ஸ்டூடியோவில் ராது கர்மாகர் 'ஆவாரா'வின் கனவுக் காட்சியைப் படமாக்கினார். 2017இல் அந்நிலையத்தில் தீப்பற்றியது. 2019இல் அந்நிலம் கைமாறியது. சில காலம் மாட்டுங்காவில் வாழ்ந்த குரு தத்தும் மைசூரில் பிறந்த வி.கே.மூர்த்தியும் இணைந்து அளித்த 'பியாசா'விலும் (1957) 'காகஸ் கே பூல்' படத்திலும் (1959) முகத்தை நாடிச் செல்லும் காமிராவைக் காண்கிறோம். அது விரைவதில்லை. துயருற்றவரை அணுகும் நண்பன்போலத் தயங்கித் தயங்கிச் செல்லும். சென்னையிலோ 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை, ஏறத்தாழ முழுவதும் ஒரே மருத்துவமனை அரங்கினுள் ஏ.வின்சென்ட் எடுத்து முடித்தார். அதன் பாடற்காட்சியொன்றில் கட்டிலின் கீழாகக் காமிரா செல்வதைப் பற்றி இன்றும் பேசுவோருளர். கல்கத்தாவில் சத்யஜித் ரே, 1964இன் 'சாருலதா'வில், ஊஞ்சலிலேயே காமிராவைப் பொருத்தினார். நாயகியின் முகம் நிலைத்து நிற்க, தோட்டம் அவள் பின்னே ஆடியது.

காமிராவின் நகர்வு வெறும் இடப்பெயர்ச்சி அன்று, அது ஒரு நடை. திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். தோளுக்கினியானைத் தாங்குவோர் சிங்கநடை, சர்ப்பநடை என நடைவேறுபாடு காட்டும்போது, சுமப்பவர் மறைந்து பெருமாளே நடப்பதாகக் கூட்டம் மெய்ம்மறக்கும். அவ்வாறே, நல்ல ஒளிப்பதிவில் தள்ளுவோரும் தண்டவாளமும் மறைந்து பார்வை ஒன்றே நடக்கும்.

எழுபதுகளில் நம் படங்களைப் பிடித்த ஒரு நோயையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. ஜூம் லென்ஸ் மலிந்தபின், தண்டவாளமிடும் பாடு எதற்கு என்று, நின்ற இடத்தில் நின்றே முகத்தை 'விருட்'டென்று அருகிழுத்தனர், மறுகணம் தள்ளிவிட்டனர். வில்லன் சிரித்தால் ஜூம், தாய் அழுதால் ஜூம். உருவம் பெருக்கிறதேயன்றி நாம் அணுகுவதில்லை. நடந்து செல்லும்போது பக்கச்சுவர் பின்னே நழுவ வேண்டும். கதவுக்குப் பின்னிருந்த முற்றம் சிறிது சிறிதாகத் தெரிய வேண்டும். ஜூமில் அவை நிகழா. சந்தின் முனையில் நின்று பார்ப்பவனுக்கும் சந்துக்குள் நடப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி நம் தொடக்க வினாவுக்கு வருவோம். டிராலித் தண்டவாளத்தின் அகலமே ஏறக்குறைய இரண்டடி. தள்ளுவோர் நிற்கவும் விளக்கு நிறுத்தவும் மேலும் இடம் வேண்டும். ஆடும் கற்பலகைமீது மட்டம் எங்ஙனம் பார்ப்பது? அரங்கில் அமைத்த சந்திலோ வேண்டும்போது ஒரு சுவரைக் கழற்றிவிடலாம். மழையை வேண்டிய அளவு பெய்விக்கலாம். மணிரத்னமும் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமும் கேட்ட இருளும் ஒளியும் நகர்வும் அவ்வரங்கில் கிட்டின. தேசிய விருதுகளில் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் கமல்ஹாசனின் நடிப்புக்கும் அப்படமே பரிசு பெற்றது. எங்கள் அண்ணாச்சியின் கண்ணையே ஐயுறவைத்த சந்தன்றோ அது!

தண்டவாளம் வேண்டாமென்றால் காமிராவைத் தோளில் தூக்க வேண்டும். ஆரிஃபிளக்ஸ் போன்ற இலகுவான கருவிகள் அதற்கு வந்தன. ஆனால், தூக்கி நடந்தவனின் ஒவ்வோர் அடியும் படத்தில் குலுங்கியது. நாம் நடக்கும்போது நம் தலையும்தான் குலுங்குகிறது. எனினும் கண்ணும் மூளையும் கூடி அக்குலுக்கலை நமக்குத் தெரியாமல் அழித்துவிடுகின்றன. காமிராவுக்கு அம்மூளை இல்லை.

அந்தக் குறையை நீக்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த காரெட் பிரவுன். விளம்பரப் படமெடுத்துவந்த அவர், கனத்த பழைய டிராலி ஒன்றை இழுத்து அலுத்தார். கையாலேந்தி நடந்தும் அதிராத படம் வேண்டும் என்று எழுபதுகளின் முற்பகுதியில் பல அமைப்புகளைச் செய்து பார்த்தார். முடிவில் விடுதியறை ஒன்றில் தனித்திருந்து சிந்தித்தே இறுதி வடிவத்தைக் கண்டார் என்பர். ஸ்டெடிகேம் எனப் பெயர் பெற்ற அக்கருவியின் தத்துவம் நமக்கு அந்நியமானதன்று. கரகாட்டக்காரியை நினைவுகூர்க. கால் துள்ளும், இடை ஒசியும், தலைமீதுள்ள கரகம் மட்டும் அசையாது. கால் தரும் அதிர்வை முழங்காலும் இடுப்பும் கழுத்தும் வாங்கிக்கொள்கின்றன. பிரவுனின் கருவியில் அவ்வேலையைச் செய்வது சுருள்வில் பொருத்திய உலோகக் கை. உடலோடு இறுகக் கட்டிய கவசத்தில் அக்கையின் ஒரு முனை. மறுமுனையில் ஒரு தண்டு. தண்டின் தலையில் காமிரா, அடியில் மின்கலமும் சிறு தொலைக்காட்சித் திரையும். கழைக்கூத்தாடி நீண்ட கழியைக் குறுக்கே பிடிப்பதுபோல, எடை இருபுறமும் விலகி நிற்பதால் அத்தண்டு எளிதில் சாய்வதில்லை. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. காமிராவின் கண்துளையில் தம் கண்ணை ஒட்டவைக்கும் பழக்கத்தை அவர் ஒழித்தார். கண் விலகியதால் தலையின் ஆட்டம் காமிராவைச் சேரவில்லை. முப்பது கிலோ வரை எடையைத் தாங்கி நடப்பவரின் முதுகுதான் அறியும் இக்கலையின் விலையை.

தம் கருவியின் திறத்தைக் காட்ட அவர் எடுத்த மாதிரிப் படத்தில், பிலடெல்பியா கலைக்கூடத்தின் படிகளில் அவருடைய தோழி ஏறி ஓடும் காட்சி ஒன்றிருந்தது. அதனைக் கண்ட இயக்குநர் அவில்ட்சன், எவ்வாறு எடுத்தீர் என்றும் அப்படிகள் எங்குள்ளன என்றும் கேட்டார். 1976இல் வெளிவந்த 'ராக்கி'யின் புகழ்பெற்ற படிக்கட்டு ஓட்டம் இவ்வாறு பிறந்தது. ஆயினும் முழுநீளப் படத்துக்காக ஸ்டெடிகேம் முதன்முதல் நடந்த இடம் வேறு. அதே ஆண்டின் 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில் பிரவுன் கிரேனில் அமர்ந்து மேலிருந்து இறங்கி, தரை தொட்டதும் எழுந்து, கூட்டத்தினூடே நாயகனைப் பின்தொடர்ந்து நடந்தார். அக்கூட்டம் எது? வறட்சியால் நிலமிழந்து, கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்த மக்களின் குடிசை முகாம்! அம்முகாமும் படத்துக்காக அமைக்கப்பட்டதே. எனினும் நடக்கக் கற்ற காமிரா முதலில் நுழைந்தது ஊர்விட்டு ஊர் வந்தோரின் சந்துக்குள் என்பதைப் படித்தபோது என் நெஞ்சம் சற்று நெகிழ்ந்தது. அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் ஆஸ்கார் விருது பெற்றார்; பிரவுனின் கண்டுபிடிப்புக்கும் 1978இல் அவ்விருதுக் குழு சிறப்புச் செய்தது. 1980இல் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தில் அக்கருவி தரையோடு தாழ்ந்து, சிறுவனின் மூன்று சக்கர வண்டியைப் பின்தொடர்ந்தது.

இந்தியாவில் 1989இன் தெலுங்குப் படமாகிய 'சிவா' ஸ்டெடிகேமைப் பலரும் அறியச் செய்தது. தொடர்ந்து தமிழிலும் இந்தியிலும் அது புகுந்தது. இதற்கிடையே 1988இல் வெளிவந்த மீரா நாயரின் 'சலாம் பாம்பே' இந்நகரத்துத் தெருக்களிலேயே, தெருச் சிறுவரைக் கொண்டே எடுக்கப்பெற்றது. சாண்டி சிஸல் என்னும் பெண்மணி அதன் ஒளிப்பதிவாளர். 'நாயகன்' வந்த மறு ஆண்டிலேயே பம்பாய்த் தெரு அரங்கின்றித் திரையேறியது என்பது கருதத்தக்கது.

தாராவிச் சந்துகளில் காமிரா தடையின்றி ஓடியது 2008இல், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில். ஒளிப்பதிவாளர் ஆந்தனி டாட் மான்டில் கையாண்டது எஸ்.ஐ.2கே என்னும் மின்னணுக் காமிரா. அதன் கண் மட்டும் கைக்கு அடங்கும் சிறு பெட்டி. பதிவுப் பொறி முதுகுப் பையில். தாராவியிலும் ஜுஹு குடிசைப் பகுதியிலும் சிறுவரைத் துரத்தி, வளைவில் வளைந்து, சாக்கடையைத் தாண்டி அது ஓடியது. பெரிதும் மின்னணுக் காமிராவால் எடுக்கப்பெற்று ஒளிப்பதிவுக்கான ஆஸ்காரை வென்ற முதற் படம் அது. 2013க்குப் பின் கிம்பல் என்னும் கைக்கருவி பரவலாயிற்று. சாய்வை உணரும் நுண்பொறி ஒன்று கணந்தோறும் அளந்து சொல்ல, மூன்று சிறு மோட்டார்கள் எதிர்ப்புறம் திருப்பி அதனைச் சமன்செய்கின்றன. கரகாட்டக்காரியின் கழுத்து செய்ததை இப்போது மின்பொறி செய்கிறது. அத்தகைய பொறியைப் பொருத்தி நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே படமெடுக்கின்றனர். 2018இல் வெளிவந்த பா.ரஞ்சித்தின் 'காலா'வுக்காகச் சென்னையில் மீண்டும் ஒரு தாராவி கட்டப்பட்டது. 2019இல் வெளிவந்த ஸோயா அக்தரின் 'கல்லி பாய்' தாராவிக்கே வந்தது. இன்று அரங்கு என்பது கட்டாயமன்று, விருப்பம்.

இவற்றுள் எது நம்மைக் காட்டியது என்று என்னைக் கேட்டால், விடை கூறத் தயங்குவேன். மெய்ச் சந்துக்குள் வந்த காமிரா நில்லாது ஓடியது. கதவுகள் மின்னி மறைந்தன. திண்ணையில் அமர்ந்து அப்பளம் உலர்த்தும் கை, ஏணிப்படியில் பாடம் படிக்கும் பெண், இவை கண்ணில் பதியுமுன் அடுத்த வளைவு வந்துவிட்டது. பொய்ச் சந்திலோ காமிரா நின்றது, முகத்தைப் பார்த்தது, எங்கள் அண்ணாச்சிக்குத் தம் வாசற்படி நினைவுக்கு வந்தது. அச்சந்தைக் கட்டியவர் மெய்ச் சந்தை ஊன்றிப் பார்த்திருத்தல் வேண்டும். கருவி எங்கும் செல்லும் ஆற்றல் பெற்றுவிட்டது உண்மை. சென்ற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

இதனை இப்போது எழுதத் தூண்டியதும் ஒன்றுண்டு. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தம் 2022இல் அதானி குழுமத்துக்குக் கிடைத்ததன்பின், இச்சந்துகள் இன்னும் எத்தனை ஆண்டு என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. அடுக்கு மாடி வேண்டுவோரும் உளர், அஞ்சுவோரும் உளர். எவ்வாறாயினும், நாளை நம் பேரப்பிள்ளைகள் தாராவியைக் காண விரும்பினால் திரையில்தான் காண்பர். அவர்கள் காணப்போவதில் பாதி வீனஸ் ஸ்டூடியோவில் இருந்தது.

சென்ற தை மாதம் எங்கள் உறவினர் இல்லத் திருமணம் ஒன்று தாராவியில் நடந்தது. பெண்ணைச் சந்துக்குள்ளிருந்து நாயனத்துடன் அழைத்து வந்தனர். அவள் முன்னே ஓர் இளைஞன் கிம்பலை இரு கையாலும் ஏந்தி, முகம் அவளை நோக்கியிருக்கப் பின்னோக்கி நடந்து வந்தான். அவன் இடுப்பு வாரை மற்றொரு சிறுவன் பின்னிருந்து பற்றியிருந்தான். "அண்ணே, படி... இப்பக் கல்லு ஆடும்... குனிங்க, கம்பி!" என்று அவன் சொல்லச் சொல்ல, முன்னவன் திரும்பிப் பாராமலே கால் வைத்தான். பெண்ணின் பாட்டி ஒரு வாசலில் நின்றிருந்தார். சிறுவன் வாரைச் சற்றே இழுத்தான், காமிரா நின்றது. பாட்டி திருநீறு பூசி முடிக்கும்வரை ஊர்வலமும் நின்றது.